நாகவல்லியை எந்த மொழியில் பார்ப்பது?

பல தலைமுறைகளாகப் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை. திறக்கக் கூடாது என்று குடும்பமே சொல்கிறது. புதிதாக வந்த மருமகள் திறந்துவிடுகிறாள். 1993இல் மலையாளத்தில் ‘மணிச்சித்ரதாழ்’ என்ற பெயரில் வந்த இந்தக் கதை, 2004இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’, 2005இல் தமிழில் ‘சந்திரமுகி’, 2007இல் இந்தியில் ‘பூல் புலையா’ என்று மறுபடி மறுபடி பிறந்தது. வார இறுதியில் ஒரு திகில் படத்துக்குத்தான் நேரம் இருக்கிறது, நான்கில் எதைப் பார்ப்பது என்று யாராவது கேட்டால், “மூலத்தைப் பாருங்கள்” என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மூலம்தான் சிறந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் கேட்டவர் யாரோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறார், அவருக்கு வேண்டியது பயமா சிரிப்பா, பேயை நம்புகிறவரா என்றெல்லாம் விசாரிக்காமல் சொல்லும் பதில் அரைகுறைப் பதில்.

முடிச்சை அவிழ்க்காமல் இந்தப் படங்களை ஒப்பிட முடியாது. நான்கில் எதையுமே பார்க்காதவர் யாராவது இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம். கட்டுரை எங்கேயும் ஓடிவிடாது.

நான்கு படங்களும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. மாளிகையில் பேய் இல்லை. மருமகளின் மனம்தான் இரண்டாகப் பிளந்து, என்றோ கொல்லப்பட்ட ஒரு நடனக்காரியாகத் தன்னை நினைத்துக்கொள்கிறது. மலையாளத்தில் அந்த நடனக்காரியின் பெயர் நாகவல்லி. வித்தியாசமெல்லாம் அந்த இடத்துக்கு வந்து சேரும் வழியில் இருக்கிறது. பேய் இல்லை என்று முடிவில் சொல்லும் படம், அதுவரை பேயை எவ்வளவு தூரம் நம்புகிறது?

இதைக் கண்டுபிடிக்க என்னிடம் எளிய வழி ஒன்று இருக்கிறது: பாம்பு. கன்னடப் படத்திலும் தமிழ்ப் படத்திலும் ஒரு பெரிய பாம்பு மாளிகைக்குள் ஊர்ந்து திரிகிறது. வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்ப்பதில்லை. பார்வையாளர்களாகிய நாம் மட்டும் பார்க்கிறோம். மனநல மருத்துவர் எல்லாவற்றையும் விளக்கி முடிக்கும்போதும் அந்தப் பாம்புக்கு விளக்கம் கிடையாது. அது கதாநாயகியின் மனத்தில் தோன்றியது என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் காட்டுவது கேமரா. ஆக, இயக்குநர் பி. வாசு மருத்துவத்தின் பக்கம் ஒரு காலையும் மாந்திரீகத்தின் பக்கம் இன்னொரு காலையும் வைத்துக்கொண்டு நிற்கிறார். மலையாளத்தில் பாம்பு இல்லை. இந்தியிலும் இல்லை. பாம்பு இருக்கும் படத்தில் உடல் சிலிர்க்கும், இல்லாத படத்தில் உள்ளே ஏதோ கலங்கும். உங்களுக்கு எது வேண்டும் என்பதே முதல் கேள்வி.

மலையாளப் படத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். ஃபாசில் இயக்கம், மது முட்டம் எழுத்து. ஆலப்புழைப் பக்கம் முட்டத்தில் உள்ள ஆலும்மூட்டில் தரவாடு என்ற குடும்ப வீட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கொலையே கதைக்கு விதை என்பார்கள். திரிப்பூணித்துறை ஹில் பேலஸிலும் பத்மநாபபுரம் அரண்மனையிலும் படமாக்கினார்கள். பத்மநாபபுரம் இருப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. ஒரு நாள் போய் அந்த மர உத்தரங்களையும் பளபளக்கும் கருப்புத் தரையையும் பார்த்துவிட்டு வந்தால், படத்தின் இருட்டு செட் போட்டு உருவாக்கிய இருட்டு அல்ல என்பது விளங்கிவிடும்.

படத்தின் துணிச்சல் அதன் கட்டமைப்பில் இருக்கிறது. மோகன்லால் அப்போதே உச்ச நட்சத்திரம். ஆனால் அவர் ஏற்ற டாக்டர் சன்னி, படம் ஏறக்குறைய பாதியை நெருங்கும்போதுதான் வந்து சேர்கிறார். அதுவரை படம் முழுக்க மருமகள் கங்காவுடையது. கணவன் நகுலன் எந்நேரமும் வேலையில் மூழ்கிக் கிடக்கிறான். அவள் பெரிய வீட்டில் தனியாக உலாவுகிறாள், வீட்டின் பழைய கதையை ஆர்வமாகக் கேட்கிறாள், பழைய பொருள்களைத் தொட்டுப் பார்க்கிறாள். சந்தேகமோ ஸ்ரீதேவி என்ற வேறொரு பெண் மேல் விழும்படி திரைக்கதை நம்மைத் தள்ளிவிடுகிறது. முடிவு தெரிந்த பிறகு இரண்டாம் முறை பார்க்கும்போது கங்காவாக நடித்த ஷோபனாவின் முகத்தை மட்டும் கவனியுங்கள். நாகவல்லியின் கதையைக் கேட்கும் கணத்திலேயே அவர் கண்ணில் ஒரு பசி தெரிகிறது. முதல் முறை அதை வெறும் ஆர்வம் என்று கடந்து போயிருப்போம்.

அதனால்தான் ‘சந்திரமுகி’யைப் பார்த்துவிட்டவர்கள், கதை தெரிந்துவிட்டதே என்று மலையாளப் படத்தைத் தவிர்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தப் படம் முடிச்சை நம்பி வாழும் படம் இல்லை. கொலைகாரன் யார் என்பதைக் கடைசி ரீல் வரை ஒளித்துவைக்கும் துப்பறியும் படங்களை இரண்டாம் முறை பார்த்தால் சாரம் போய்விட்டிருக்கும். இது இரண்டாம் முறையில்தான் நன்றாகத் திறந்துகொள்கிறது.

கணவன் வெளியே போகக் கூடாது என்று தடுக்கும்போது அவள் ஒரே கையால் கட்டிலைத் தூக்கும் அந்தக் காட்சியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதற்கு ஒரு நொடி முன்னால் வருவதே பெரிது. முகம் மாறுவதற்கு முன் குரல் மாறுகிறது. மலையாளம் பேசிக்கொண்டிருந்தவள் தமிழுக்கு நழுவுகிறாள். கங்காவுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லியின் தமிழ்க் குரல் துர்கா என்ற டப்பிங் கலைஞருடையது. ஒரே முகத்துக்கு இரண்டு குரல்கள். ஆனால் ஷோபனாவின் உடல்மொழி இரண்டையும் தைத்துவிடுவதால் ஒட்டுப்போட்ட இடமே தெரிவதில்லை. அவருக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது வயது இருபத்து மூன்றோ நான்கோதான்.

இந்தப் பேய் தமிழ் பேசுவது தற்செயலான தேர்வும் இல்லை. நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனக்காரி. தஞ்சை நால்வர் எனப்படும் நாட்டிய ஆசான்களில் இளையவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவைக்கே போய் இருந்தவர் என்பதை நினைத்தால், தஞ்சாவூர் நாட்டியம் திருவிதாங்கூர் வீடொன்றுக்குள் புகுந்த கதை நம்பும்படியாகவே இருக்கிறது. (‘சந்திரமுகி’யிலும் ஒரு வடிவேலு உண்டு. அவரிடம் பிறகு வருகிறேன்.)

பிற மொழிகளும் இந்த ஏற்பாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. கன்னடத்தில் பேய் தெலுங்கு பேசுகிறது, தமிழிலும் தெலுங்கு, இந்தியில் வங்காளம். எந்த மொழிக்குப் போனாலும் பேய் பக்கத்து ஊர்க்காரிதான். வீட்டுக்குள் அயல் மொழி கேட்டதும் முதுகுத்தண்டு சில்லிடுவது நம் எல்லோருக்கும் பொது போலிருக்கிறது. ஆனால் இதில் ஒரு வேடிக்கை: மற்ற மொழிக்காரர்களுக்கு அந்நியமாக ஒலிக்கும் நாகவல்லியின் பேச்சு, மலையாளப் படத்தைப் பார்க்கும் தமிழருக்கு வீட்டுப் பேச்சு. சுற்றியுள்ள மலையாளமே சப்டைட்டிலோடு தூரமாக நிற்க, பேய் மட்டும் நம்மிடம் நேராகப் பேசுகிறது. மலையாளிக்குக் கிடைக்காத அனுபவம் இது. பலருக்கு அவள் மேல் பயத்தைவிட இரக்கம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ‘ஒருமுறை வந்து பார்த்தாயா’ பாடலில் வாலி எழுதிய தமிழ் வரிகள் வரும்போது அந்த இரக்கம் இன்னும் கூடிவிடும்.

குறைகளும் உண்டு. முதல் முக்கால் மணி நேரத்தில் இன்னொசென்டும் மற்றவர்களும் செய்யும் கூத்து, மத்திய திருவிதாங்கூர்ப் பேச்சுவழக்கில் ஊறியது. சப்டைட்டிலில் அதன் பாதி உயிர் போய்விடுகிறது. பயப்பட உட்கார்ந்தவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார். மருத்துவமும் சினிமா மருத்துவம்தான். ஆளுமைப் பிளவை ஓர் இரவுச் சடங்கில் குணப்படுத்திவிட முடியாது. இருந்தாலும் திலகன் ஏற்ற மாந்திரீக நம்பூதிரி சன்னியை ஏற்கெனவே அறிந்தவராக, அவர் படிப்பை மதிப்பவராக வருவதும், மந்திரவாதியும் மருத்துவரும் சண்டையிடாமல் கூட்டு சேர்வதும் இன்றைக்கும் புதுமையாகத்தான் தெரிகிறது.

‘சந்திரமுகி’க்கு வருவோம். இதை மூலத்தோடு ஒப்பிட்டுத் திட்டுவது சுலபம், ரசிகர் என்பதால் காலில் விழுவதும் சுலபம். சிவாஜி புரொடக்‌ஷன்ஸின் 50ஆவது படம். 2005 ஏப்ரல் 14 அன்று வெளியாகி, சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. அதற்கு முன்னால் வந்த ‘பாபா’ (2002) எதிர்பார்த்தபடி போகவில்லை. ஆகவே ரஜினிகாந்த் பாதிப் படம் கழித்து நுழைவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சண்டையோடும் பாட்டோடும் முதலிலேயே வந்துவிடுகிறார். டாக்டர் முன்னால் வந்ததும் மருமகள் பின்னால் போகிறாள். கங்கா மெல்ல மெல்ல மாறுவதை நாம் உடனிருந்து பார்ப்பதில்லை. ஒரு கட்டத்தில் டாக்டர் சொல்லித் தெரிந்துகொள்கிறோம். இரண்டு படங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். மலையாளம் நோயாளியின் கதை. தமிழ் டாக்டரின் கதை.

ஆனால் டாக்டரின் கதையாக எடுத்துக்கொண்டால் தமிழ்ப் படம் நன்றாகவே ஓடுகிறது. நடனக்காரியைக் கொன்ற வேட்டையன் வேடத்திலும் ரஜினி வந்து ‘லகலகலக’ என்று சிரிக்கும் சில நிமிடங்கள், அவர் வில்லனாக நடித்த எழுபதுகளின் நினைவைக் கிளறிவிடுகின்றன. மூலத்தில் அவளைக் கொன்ற கொடுங்கோல் காரணவர் (குடும்பத் தலைவர்) நிழலாகத்தான் இருக்கிறார். இங்கே அவருக்குச் சதையும் ரத்தமும் சிரிப்பும் கிடைத்துவிட்டன. திகில் கதையில் தீயவனுக்கு முகம் கொடுத்தால் பயம் குறையும் என்பது பொது விதி. ரஜினி அந்த விதியைச் சிறிது நேரம் மறக்கவைக்கிறார்.

ஜோதிகாவைப் பற்றி மக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். ஷோபனாவுக்குப் பரதம் உடம்பில் ஊறியது. லலிதா, பத்மினி, ராகினி சகோதரிகளின் குடும்பம். சென்னையில் சித்ரா விஸ்வேஸ்வரனிடம் பயின்றவர். அந்த அடவுகளோடு ஜோதிகா போட்டியிடவில்லை. கண்ணை விரித்து, மை தீட்டி, முகத்தையே மேடையாக்கிக்கொண்டார். மிகை நடிப்பா? ஆம். ஆனால் சுற்றிலும் எல்லாமே மிகையாக இருக்கும் படத்தில் அடக்கி வாசித்திருந்தால் அவர் காணாமல் போயிருப்பார். ‘ராரா’ பாட்டுக்கு அந்த நாட்களில் திரையரங்கில் கிடைத்த அமைதி, ரஜினி படத்தில் வழக்கமாகக் கிடைக்கும் அமைதி இல்லை.

வடிவேலுவின் பகுதிகள்தான் பார்ப்பவரைப் பொறுத்து மாறும். மாளிகைக்குள் பயந்து நடுங்கும் நகைச்சுவை இன்றும் சிரிக்க வைக்கிறது. அவர் மனைவியை வைத்துச் செய்யும் கிண்டல் தொடர் சலிப்பூட்டுகிறது, சில இடங்களில் முகம் சுளிக்கவும் வைக்கிறது. குழந்தைகளோடு பார்க்கும்போது இரட்டை அர்த்தம் வரும் இடங்களில் ரிமோட் கையில் இருக்கட்டும்.

கன்னட ‘ஆப்தமித்ரா’வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பி. வாசுவே இயக்கியதால், தமிழ்ப் படத்துக்குப் போட்ட ஒத்திகை போலவே இருக்கிறது: பாம்பு இருக்கிறது, தெலுங்கு பேசும் பேய் இருக்கிறது, குருகிரண் இசையில் ‘ராரா’ மெட்டுகூட இருக்கிறது, ஆச்சார்யராக அதே அவினாஷ் இருக்கிறார். டாக்டராக விஷ்ணுவர்தன். ‘சந்திரமுகி’ மனப்பாடமானவருக்கு இதில் கதையாகப் புதிதாக எதுவும் கிடைக்காது. ஒரே ஒரு காரணத்துக்காகப் பார்க்கலாம்: மருமகளாக நடித்த சௌந்தர்யா. 2004 ஏப்ரலில் பெங்களூரு அருகே நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். படம் அதற்குப் பிறகு ஆகஸ்டில்தான் வெளிவந்தது. ஜோதிகாவைவிட மென்மையாகத் தொடங்கி, ஷோபனாவைவிடக் கோபமாக முடிக்கிறார். அந்த மரணத்தையும், 2009 டிசம்பரில் நேர்ந்த விஷ்ணுவர்தனின் மரணத்தையும் நாகவல்லியின் சாபம் என்று முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் உண்டு. பேயே இல்லை என்று சொல்லும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு இப்படிப் பேசுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

இந்திப் படத்தை இயக்கிய பிரியதர்ஷன், மலையாளப் படத்தில் இரண்டாம் யூனிட் இயக்குநர்களில் ஒருவராக வேலை செய்தவர். சிபி மலயில், சித்திக்-லால் ஆகியோரும் அப்படி ஃபாசிலுக்குக் கைகொடுத்தவர்கள். அதனால் அவருக்கு மூலத்தின் எலும்புக்கூடு அத்துப்படி. அக்‌ஷய் குமாரும் மோகன்லாலைப் போலத் தாமதமாகவே வருகிறார், பாம்பு இல்லை, காட்சி வரிசை பெரும்பாலும் அப்படியே. கேரள மாளிகைக்குப் பதில் ராஜஸ்தானின் சோமு அரண்மனை. இங்கேதான் எனக்குக் குறை. கேரள வீட்டின் தாழ்ந்த கூரையும் குறுகிய மச்சுப் படியும் மூச்சு முட்ட வைக்கும். ராஜஸ்தான் அரண்மனையில் காற்றும் வெயிலும் தாராளம், சுவரெல்லாம் வண்ணம். பேய் எங்கே ஒளிந்துகொள்ளும்? அதோடு பரேஷ் ராவல், அஸ்ரானி, ராஜ்பால் யாதவ் மூவரும் சேர்ந்து செய்யும் அமளியில் படம் நகைச்சுவைப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

வித்யா பாலன் அதையெல்லாம் சரிக்கட்டுகிறார். அவருடைய முதல் படமே ஒரு வங்காளப் படம் என்பதால் இந்திப் பேயான மஞ்சுலிகாவின் வங்காளம் வாயில் தடுமாறவில்லை. ‘மேரே டோல்னா’ பாடலில் ஷ்ரேயா கோஷலோடு பாடியிருப்பவர் எம்.ஜி. ஸ்ரீகுமார். மலையாள மூலத்துக்கு இசையமைத்த எம்.ஜி. ராதாகிருஷ்ணனின் தம்பி. இசை ரசிகருக்கு இது ஒன்றே போதும், இந்திப் படத்தையும் பட்டியலில் சேர்க்க.

இசையை வைத்து மட்டும் தேர்ந்தெடுப்பதானால் என் வாக்கு அண்ணனுக்குத்தான். ‘பழந்தமிழ்ப் பாட்டிழையும்’ பாடலை ராதாகிருஷ்ணன் ஆகிரி ராகத்தில் அமைத்தார். ஆகிரியைப் பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று பழைய வித்வான்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அப்படிப்பட்ட ராகத்தைத் துணிந்து எடுத்து, பேய் இருக்கிறதா இல்லையா என்று கேட்கும் படத்தில் வைத்தது குறும்பா, ஆழ்ந்த யோசனையா? எதுவானாலும் பலன் கேட்கிறது. வித்யாசாகரின் தமிழ்ப் பாடல்கள் திருவிழாவுக்கு ஏற்றவை. இரவு பதினொரு மணிக்கு ஹெட்போனில் கேட்க ஏற்றது ஆகிரி.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

பாட்டி முதல் பேரன் வரை கூடத்தில் இருக்கிறார்கள், பாதிப் பேர் பேசிக்கொண்டேதான் பார்ப்பார்கள் என்றால் ‘சந்திரமுகி’. இதில் யோசிக்கவே வேண்டாம். நடுவில் எழுந்து தோசை வார்த்துவிட்டு வந்தாலும் கதை நழுவாது. மலையாளப் படத்தை அப்படிப் பார்ப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

தனியாகவோ, வாய்மூடி இருக்கத் தெரிந்த ஒரு துணையோடோ பார்ப்பதென்றால் ‘மணிச்சித்ரதாழ்’. 2024 ஆகஸ்டில் 4கே தரத்தில் புதுப்பித்துத் திரையரங்குகளில் மறுவெளியீடு செய்தார்கள். மங்கிய பழைய பதிவைத் தவிர்த்து, புதுப்பித்த பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள். இருட்டுக் காட்சிகள் நிறைந்த படத்துக்கு அது பெரிய வேறுபாடு. ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் என்பதால் ஒன்பது மணிக்கே தொடங்கிவிடுவது நல்லது.

பயந்த சுபாவம், ஆனால் நண்பர்கள் கட்டாயப்படுத்துகிறார்கள் என்றால் இந்தி. நான்கில் பயம் மிகக் குறைவு அதில்தான். பேயை உண்மையிலேயே நம்புகிறவருக்கு, நம்பிக்கை கெடாமல் பார்க்கத் தோதானது கன்னடமோ தமிழோ. பாம்பு அவர் பக்கம் இருக்கிறது.

நான்கையும் பார்க்கப் போகிறவருக்கு ஒரு வரிசை: தமிழ் ஏற்கெனவே முடிந்திருக்கும், அடுத்து மலையாளம், சில மாதம் இடைவெளி விட்டு இந்தி, சௌந்தர்யாவுக்காகக் கன்னடம். தமிழுக்கும் கன்னடத்துக்கும் இடையில் மற்ற இரண்டும் வந்துவிடுவதால், ஒரே படத்தை இரண்டு முறை பார்ப்பது போன்ற சலிப்பு வராது. இன்றைய இளைஞர்களில் ‘சந்திரமுகி’யின் காட்சிகளைத் துண்டு துண்டாக மட்டும் பார்த்தவர்கள் நிறைய. அவர்கள் மலையாளத்திலேயே தொடங்கலாம். ஜோதிகாவின் கண்களை ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் அவை அப்படியேதான் விரியும்.

தொடர்ச்சிப் படங்களைப் பற்றியும் கேட்பார்கள். 2022இல் வந்த இந்தி இரண்டாம் பாகத்திலும், 2023இல் வந்த தமிழ் இரண்டாம் பாகத்திலும் பேய் நிஜப் பேயாகிவிட்டது. முதல் படங்கள் பாடுபட்டு விரட்டியதை இவை வாசலில் கோலம் போட்டு வரவேற்கின்றன. இந்தியின் இரண்டாம் பாகத்தைத் தனிப் பேய்ப்படமாக, பழையதை மறந்துவிட்டுப் பார்த்தால் பொழுது போகும். தமிழின் இரண்டாம் பாகத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.